சாந்திக்கு ஆயிரம் வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் வேணுமா?

குழு: பெரிய வீடு, காரைக்குடி

சோலை: [படம்]
லெட்சுமணன் அம்மான், இந்த சர்க்யூட்டைக் கொஞ்சம் பாருங்க. அப்பச்சி சாந்தி விழாவுக்கு நானே ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் பண்ணலாம்னு இருக்கேன். 1000 வாட்ஸ். 5200, 1943 ட்ரான்சிஸ்டர் ரெண்டு ஜோடி, ட்ரான்ஸ்ஃபார்மர் 50-0-50, 10 ஆம்பியர்

விசாலாட்சி: தம்பி, நீ சரின்னு சொன்னாத்தான் இவனுக்குக் காசு கொடுப்பேன்

லெட்சுமணன்: பார்த்தேன் அப்பு. படம் சுத்தமா வரைஞ்சிருக்கு. ஆனா இதை இப்படியே கட்டி நம்ம வீட்டுல ஆன் பண்ணக் கூடாது. ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படி

லெட்சுமணன்: முதல்ல அந்த கெப்பாசிட்டரைப் பெரிசாக்கிப் பாரு. 10,000 மைக்ரோஃபாரட், 63 வோல்ட்னு எழுதியிருக்கா? 50 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினா 70 வோல்ட் வரும். ராத்திரி லைன்ல 250 வந்துச்சுன்னா 76 வரைக்கும் ஏறும். 63 வோல்ட் கெப்பாசிட்டர் சூடாகி உப்பி வெடிக்கும். 100 வோல்ட் போட்டே ஆகணும். இந்த ஒண்ணுலயே தெரியுது, படம் வரைஞ்சவர் இதைக் கட்டிப் பார்க்கல

சோலை: அதை மாத்திடுறேன் அம்மான். மத்தபடி 1000 வாட்ஸ் வரும்ல?

லெட்சுமணன்: வராது. லோடு ஏறினா 70 வோல்ட் இறங்கிடும், ட்ரான்சிஸ்டர்லயும் கொஞ்சம் போயிடும். ஸ்பீக்கருக்கு உச்சத்துல 62 வோல்ட் போகும்னு வை. 4 ஓம்ஸ்ல 62 × 62 ÷ 4 = 961. அதைத்தான் ஆயிரம்னு போட்டிருக்காங்க. அது ஒரு கணத்து உச்சம். ஆர்எம்எஸ் கணக்குல, அதாவது தொடர்ந்து வர்ற சராசரியில, அதுல பாதி, 480

வயிரவன்: 480-ம் நம்ம முகப்புக்கு ஜாஸ்திதான் 😄

லெட்சுமணன்: ஆமா வயிரவா. 100 வாட்ஸை 1000 ஆக்கினா 10 டெசிபல்தான் கூடும், காதுக்கு ஏறக்குறைய ரெட்டிப்பு. பத்து மடங்கு சத்தம்னு யாரும் நினைக்க வேணாம்

லெட்சுமணன்: சோலை, எனக்குப் பயம் வாட்ஸ்ல இல்ல, ட்ரான்சிஸ்டர்ல. 5200-ல 150 வாட்ஸ்னு போட்டிருக்கிறது அதோட உடம்பு 25 டிகிரியில இருந்தா மட்டும்தான். சித்திரை வெயில்ல சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க் தகட்டோட சேர்ந்து உடம்பு 80 டிகிரி ஆச்சுன்னா 84 வாட்ஸ்தான் தாங்கும். இந்த வோல்ட்டேஜ்ல 4 ஓம்ஸுக்கு ஓடினா நாலு ட்ரான்சிஸ்டரும் சேர்ந்து 248 வாட்ஸ் வரைக்கும் சூடாகும். தலைக்கு 62. தாங்கும் போலத் தெரியும். ஆனா ஸ்பீக்கர் நிஜமான ரெசிஸ்டர் இல்லையே? அதோட கரண்டும் வோல்ட்டேஜும் ஒண்ணா ஏறி இறங்காது, அப்ப சூடு இதைவிட நிறையவே ஏறும். ரெண்டு ஜோடி பத்தாது, நாலு அஞ்சு ஜோடி வேணும். சந்தையில போலி 5200 வேற நிறைய சுத்துது

சோலை: எரிஞ்சா மாத்திக்கலாம்ல அம்மான்?

லெட்சுமணன்: அங்கதான் விஷயமே. எரியிற ட்ரான்சிஸ்டர் பெரும்பாலும் திறந்துக்காது, ஷார்ட் ஆகி நிக்கும். அந்த நிமிஷமே 70 வோல்ட் டிசி நேரா ஸ்பீக்கர்ல ஏறும். 4 ஓம்ஸ்னு சொல்ற வாய்ஸ் காயிலோட, அதாவது ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளோட, டிசி ரெசிஸ்டன்ஸ் 3.2 பக்கம் இருக்கும். 20 ஆம்பியருக்கு மேல இழுக்கும், 1500 வாட்ஸ் அந்தச் சின்னக் காயில்லயே சூடா இறங்கும். கோனு காகிதம். பக்கத்துல பந்தல் துணி

விசாலாட்சி: ஐயோ சாமி

வயிரவன்: ஃபியூஸ் போட்டா போதாதா அம்மான்?

லெட்சுமணன்: ஃபியூஸ் வேணும், ஆனா போதாது. ஸ்பீக்கருக்கு டிசி வந்தா கண்டுபிடிக்கிற டிசி ப்ரொட்டெக்ஷன் சர்க்யூட்டும், உடனே இணைப்பைப் பிரிக்கிற ரிலே ஸ்விட்சும் கட்டாயம். சோலை, உன் படத்துல ரெண்டும் இல்ல. ரிலேயிலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. 70 வோல்ட் டிசியைப் பிரிக்கும்போது நெருப்புக் கோடு இழுத்துக்கிட்டே நிக்கும், கான்டாக்ட் பிரிஞ்சும் கரண்ட் நிக்காது. அதனால ஸ்பீக்கரை நடு கான்டாக்ட்லயும், ஆம்ப்ளிஃபயரை நார்மலி ஓப்பன்லயும் (ரிலே இழுத்தா சேர்றது), கிரவுண்டை நார்மலி க்ளோஸ்டுலயும் (ரிலே விழுந்தா சேர்றது) கொடு. ரிலே விழுந்தா அந்த நெருப்பு ஸ்பீக்கருக்குப் போகாம கிரவுண்டுக்குப் போயிடும், சப்ளை ஃபியூஸும் போயிடும்

சோலை: 🙏 இது எங்கயும் படிச்சதில்ல

வயிரவன்: சோலை, ஒண்ணு சொல்றேன். ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஹம் இரைச்சல் வந்தா ப்ளக்ல எர்த் பின்னை எடுத்துடு, சத்தம் போயிடும். எங்க ஊர் சவுண்டு சர்வீஸ்ல எல்லாரும் அப்படித்தான்

லெட்சுமணன்: வயிரவா, அதை மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காதே. ட்ரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரி எங்கேயாவது பாடியில பட்டுடுச்சுன்னா எர்த் இருந்தா ஃபியூஸ் போகும், எர்த் இல்லன்னா 230 வோல்ட் பெட்டி மேல நிக்கும். மைக்கும் அந்தப் பெட்டியோடதான் சேர்ந்திருக்கு. ஈரக் கையோட ஒரு பிள்ளை மைக்கைப் பிடிச்சா என்ன ஆகும்? ஹம்முக்கு வேற வழி இருக்கு: பெட்டியை எர்த்துல கெட்டியா இறுக்கு, சிக்னல் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல 10 ஓம் ரெசிஸ்டரும் அதுக்குக் குறுக்கா எதிரெதிரா ரெண்டு பெரிய டயோடும் போடு. பின்னை எடுக்காதே

வயிரவன்: சரிங்க அம்மான். சொல்லிடுறேன் அவங்ககிட்டயும்

லெட்சுமணன்: நம்ம வீட்டுலயே இன்னொரு பிரச்சினை இருக்கு. பட்டாலைப் பக்கம் ஓடுறது பழைய வயரிங், மரப்பட்டைக்குள்ள ரெண்டே வயர். மூணு பின் சாக்கெட் மாட்டியிருக்கு, ஆனா எர்த் துளையில ஒண்ணுமே சேர்க்கல. மீட்டர் வச்சுப் பார்த்தா தெரியும்

விசாலாட்சி: உங்க ஐயா காலத்து வயரிங் தம்பி. சாந்திக்கு முன்னாடி எர்த் போட்டுடலாமா?

லெட்சுமணன்: போடுங்க ஆச்சி, ஆம்ப்ளிஃபயர் இல்லன்னாலும் போடணும். கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கிற ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சேர்த்து மாட்டச் சொல்லுங்க. நம்ம மண் காய்ஞ்ச செம்மண், கோடையில எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தணும். சோலை, ஆர்சிசிபி இருக்குன்னு தைரியமா உள்ளே கை வைக்காதே. ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப்பக்கம் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவுல 140 வோல்ட் இருக்கு, அதைத் தொட்டா ஆர்சிசிபிக்குத் தெரியவே தெரியாது. ஸ்விட்சை அணைச்சாலும் கெப்பாசிட்டர்ல நிக்கும்

சோலை: அதை வடிக்க ப்ளீடர் ரெசிஸ்டர் போட்டா?

லெட்சுமணன்: போடணும். பிளஸ், மைனஸ் ஒவ்வொரு ரெயிலுக்கும் 20,000 மைக்ரோஃபாரட் இருந்தா 4.7 கிலோ ஓம், 5 வாட்ஸ். அப்பவும் 10 வோல்ட்டுக்குக் கீழ இறங்க மூணு நிமிஷம் ஆகும். மீட்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் தொடணும். இன்னொண்ணு, 5200-ஓட முதுகுத் தகடு கலெக்டர். நடுவுல வைக்கிற மைக்கா இன்சுலேஷன் தகடு கிழிஞ்சிருந்தா ஹீட் சிங்க்லயே 70 வோல்ட்

சோலை: அப்ப கட்டவே வேணாங்கிறீங்களா அம்மான்?

லெட்சுமணன்: கட்டு அப்பு. இதைக் கட்டாதே. எல்எம்3886னு ஒரு ஆம்ப்ளிஃபயர் ஐசி வாங்கு, 20-0-20 ட்ரான்ஸ்ஃபார்மர். 28 வோல்ட்டுல 4 ஓம்ஸுக்கு 68 வாட்ஸ் சுத்தமா வரும், சூடு ஷார்ட்டுக்கெல்லாம் பாதுகாப்பு அதுக்குள்ளயே இருக்கு. முகப்புல நாதஸ்வரமும் மந்திரமும் தெளிவா கேட்க இது போதும். ஃபியூஸ், எர்த் இதுக்கும் உண்டு. முதல் தடவை ஆன் பண்ணும்போது 100 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸ்ல போடு, எல்இடி வேலைக்கு ஆகாது. மின்னிட்டு மங்கினா சரி. பளிச்சுன்னு நின்னா உடனே அணை

சோலை: ட்ரான்ஸ்ஃபார்மரை மதுரையில சுத்தச் சொல்லவா?

லெட்சுமணன்: சொல்லு, 150 விஏ. போர்டுல இணைப்புப் பாதை எப்படிப் போகுதுன்னு வரைஞ்சு எனக்கு அனுப்பு, சால்டர் வைக்கிறதுக்கு முன்னாடி

விசாலாட்சி: வயர்மேன் நாளைக்குக் காலையில வர்றாராம். சோலை, நீ கூடவே நின்னு பாரு. காசு நான் தர்றேன்