திருநெல்வேலிக்கு ஒரு முழு பார்ட்ஸ் கடை எப்பதான் வரும்?

பாளை எடிட்டர்:

கல்யாண வீடியோ எடிட்டிங் நமக்குத் தொழில். பாளையங்கோட்டையில சின்ன ஆபீஸ், ரெண்டு சிஸ்டம் ஓடுது. வண்ணார்பேட்டையில புதுசா ஒரு கட்டடம் எழும்பும்போதெல்லாம், போர்டு மாட்டுற வரைக்கும் எனக்கு ஒரு நப்பாசை. கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடையா இருக்குமோன்னு. கடைசியில பாத்தா துணிக்கடை, இல்லன்னா செல்போன் ஷோரூம்.

கம்ப்யூட்டர் கடையே இல்லையாவேன்னு கேப்பீங்க. ஏகப்பட்டது இருக்கு. லேப்டாப், பிரிண்டர், டோனர் ரீஃபில், சிசிடிவி எல்லாம் உண்டு. உள்ள போயி மதர்போர்டு மாடலச் சொல்லி "பி760 போர்டு இருக்காண்ணாச்சி"ன்னு கேட்டா, ஸ்டூல்ல இருந்து எந்திரிக்காமலே "சொன்னா வர வைக்கலாம், அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க"ம்பாங்க. எங்கேருந்து வரும்? சென்னை ரிச்சி தெருவுல இருந்து ஆம்னி பஸ் பார்சல்ல. வந்து சேருத பெட்டி நாம கேட்ட மாடலா இருந்தா அன்னைக்கு நமக்கு நல்ல நேரம்.

பிராசஸர் விஷயத்துல இன்னொரு கூத்து. இப்ப வார கேமராவுல பாதி 10 பிட் 4:2:2-ங்கிற நிறம் கூடுதலா இருக்க ஃபார்மேட்ல ஷூட் பண்ணுது. அந்த ஃபைல் டைம்லைன்ல திக்காம ஓடணும்னா இன்டெல் பிராசஸருக்குள்ள இருக்க கிராபிக்ஸ் வேணும், வீடியோவ வேகமா விரிக்கிற குயிக் சின்க் அதுலதான் இருக்கு. தனியா மாட்டுற என்விடியா கிராபிக்ஸ் கார்டுல அந்த வசதி 50 சீரிஸ்லதான் வந்துச்சு. கடைக்காரரோ "எஃப் போட்டது வாங்குங்க, ரெண்டாயிரம் கம்மி"ம்பாரு. மாடல் நம்பர் கடைசியில எஃப் எழுத்து போட்ட பிராசஸர்ல அந்த கிராபிக்ஸே கிடையாதுய்யா. கார்டு தனியா இருக்கும்போது உள்ள எதுக்குன்னு அவரு திருப்பிக் கேக்காரு. அவருக்குப் பாடம் நடத்திட்டா நான் வேலை பாக்க முடியும்?

போன ஆவணி. முகூர்த்தம் அடுத்தடுத்து நிக்கிற நேரம், காலையில சுவிட்சப் போட்டா ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல. மதர்போர்டு ஓரத்துல நாலு குட்டி லைட்டு உண்டு: சிபியு, டிராம், விஜிஏ, பூட். அதுல டிராம் லைட்டு மட்டும் மஞ்சளா நின்னுட்டு. டிராம் லைட்டு எரிஞ்சா ராம்தான் போச்சுன்னு முடிவு கட்ட முடியாது. ஸ்லாட் போயிருக்கலாம். பிராசஸருக்குள்ள இருக்க மெமரி கண்ட்ரோலர் போயிருக்கலாம். நம்மது 13-ம் தலைமுறை ஐ7. அந்த 13, 14 வரிசையில வோல்டேஜ் கூடிப் போயி பிராசஸரே தேஞ்சு போறதை இன்டெலே 2024-ல ஒத்துக்கிட்டு, பெட்டியோட வாங்குனதுக்கு வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டிக் குடுத்தாங்க. அதனால சந்தேகம் அது மேலயும் விழுந்துச்சு.

ரெண்டு ராமையும் ஒத்தை ஒத்தையா மாத்தி மாத்திச் செருகிப் பாத்தேன். அதே லைட்டு. எஸ்எம்பிஎஸ்ஸ, அதான் பவர் சப்ளையக் கழட்டி, தனியா ஆன் ஆகுதான்னு பாக்க 24 பின் கனெக்டர்ல 16-வது பின்னையும் பக்கத்துல இருக்க கிரவுண்டையும் பேப்பர் கிளிப்பால சேத்தேன். ஃபேன் சுத்துச்சு. ஆனா லோடு ஏறும்போது 12 வோல்ட் நிக்குதா விழுதான்னு அதுல தெரியாது. நம்ம இன்னொரு சிஸ்டம் பழசு, டிடிஆர்4 ராம். இதுல இருக்க டிடிஆர்5 ராமக் கழட்டி அதுல மாட்டிப் பாக்கவும் வழியில்ல. இங்க ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். "விட்டுட்டுப் போங்க, விண்டோஸ் புதுசாப் போட்டுப் பாக்கலாம்"ன்னாங்க. டிஸ்பிளேயே வரல, விண்டோஸ எதுல பாத்துப் போடுவாங்க?

கேபினெட்ட பெட்ஷீட்ல சுத்தி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டேன். எழும்பூர்ல எறங்கி ஆட்டோ பிடிச்சா ரிச்சி தெரு பக்கம்தான். அங்க கவுண்டர்ல ஒரு பையன், மீசை கூட சரியா வரல. பின்னால ரேக்குல இருந்து ஒரு போர்ட எடுத்து மேசையில அட்டை மேல வச்சான். என் பிராசஸர், என் ராம், என் எஸ்எம்பிஎஸ் மூணையும் அதுல மாட்டி, ஸ்குரூடிரைவர் முனையால பவர் பின்னத் தொட்டான். டிஸ்பிளே வந்துட்டு. போர்டுதான் போயிருக்கு. டீ ஆறதுக்குள்ள முடிஞ்சு போன வேலைக்கு நான் ராத்திரி முழுக்க ரயில்ல வந்திருக்கேன்.

எனக்கு விலை பெரிசில்ல. ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, 18 சதவீதம் வரி இன்புட் கிரெடிட்ல திரும்ப வந்துரும். ஆன்லைன விட ஆயிரம் கூட வச்சாலும் குடுத்துட்டுப் போறேன். நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச பார்ட்டு நாலு மேசை மேல கிடக்கணும், நம்ம சாமான அதோட மாட்டிப் பாக்கணும். மாநகராட்சி, மெடிக்கல் காலேஜு, இன்ஜினியரிங் காலேஜு எல்லாம் இருக்க ஊருக்கு இது ஏன் வர மாட்டேங்குது? கடை நடத்துதவங்க யாராவது இருந்தா உள்ளதைச் சொல்லுங்க.

மாட்டுத்தாவணி:

ப்ரோ, மதுரைலயும் இதே நிலைமைதான், கொஞ்சம் பரவாயில்லங்கலாம். நான் எல்லாமே ஆன்லைன்தான். பார்சல் பிரிக்கிறப்ப முதல் டேப் அறுக்கிறதுல இருந்து வீடியோ எடுத்து வச்சுக்கங்க, லேபிள் நம்பர் தெளிவாத் தெரியணும். பிரச்சனைன்னா அந்த வீடியோதான் பேசும். கடை வரும் வரும்னு காத்திருக்கிறதுல அர்த்தமில்ல.

பாளை எடிட்டர்:

தம்பி, வீடியோ எடுக்கதுல எனக்கா சிரமம்? என் தொழிலே அதுதான். எது போச்சுன்னே தெரியாதப்ப ஆன்லைன்ல எதை ஆர்டர் பண்ண? போர்டு, ராம், எஸ்எம்பிஎஸ், பிராசஸர் நாலையும் வாங்கிப் போட்டுட்டு, மூணத் திருப்பி அனுப்பவா? பிராசஸர் பெட்டியப் பிரிச்சிட்டா எவனும் திருப்பி எடுக்க மாட்டான்.

முத்துநகர்க்காரன்:

தூத்துக்குடில கடை வச்சிருக்கேன் அண்ணாச்சி. நீங்க கேட்டதால சொல்லுதேன், கோவிச்சுக்காதீங்க.

2020-ல 10-ம் தலைமுறை ஓடும்போது அதுக்குச் சேருத எச்410 போர்டு மொத்தமா எடுத்து அடுக்குனேன். 2021 கடைசியில 12-ம் தலைமுறை வந்துட்டு, பிராசஸர் உக்காருத சாக்கெட்டு 1200-ல இருந்து 1700-க்கு மாறிட்டு. என் போர்டெல்லாம் ரேக்குலயே தூங்குச்சு. நஷ்டத்துக்குத் தள்ளி விட்டேன். இப்ப 10-ம் தலைமுறை வச்சிருக்கவன் போர்டு போச்சுன்னு வந்து நிக்கான், குடுக்க ஒண்ணுகூட இல்ல. 1700-ம் 2024-ல முடிஞ்சு 1851 வந்தாச்சு. ஏஎம்டிதான் இந்த விஷயத்துல யோக்கியன், ஏஎம்4 சாக்கெட்ட 2017-ல இருந்து வச்சு ஓட்டுனான். ஆனா நம்ம பக்கம் வாரவன் "இன்டெல் ஐ5 போடுங்க"ன்னுதான் கேக்கான்.

விலை சமாச்சாரம் தனி. காலையில டிஸ்ட்ரிபியூட்டர் வாட்ஸ்அப்ல ரேட்டு லிஸ்ட் போடுவான். 2025 கடைசியில ராம் விலை ஏறுனப்ப பாத்தீங்கள்ல, மெமரி எல்லாம் ஏஐ சர்வருக்குப் போகுதுன்னு. காலையில சொன்ன ரேட்ட சாயங்காலம் சொல்ல முடியல. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் ராமையே சில்லறை விற்பனைல இருந்து நிறுத்துறோம்னு அந்த டிசம்பர்ல அறிவிச்சுட்டான். ஸ்டாக் வச்சிருந்தவனுக்கு யோகம், ஆர்டர் பிடிச்சிட்டு சாமான் எடுக்காம இருந்தவனுக்கு அடி. நான் ரெண்டாவது ஆளு.

நம்ம கடையில என்ன ஓடுதுன்னு கேளுங்க. எச்61 போர்டு! 2011 காலத்து சிப்செட்டு, இன்னமும் புதுசா எவனாவது போட்டுக் குடுக்கான், டேலி ஓட்டுத கடைக்காரங்க வாங்குதாங்க. 256 ஜிபி எஸ்எஸ்டி, பழைய ஆபீஸ் சிஸ்டம், கீபோர்டு மவுஸ். வாடகையும் கரண்டு பில்லும் அதுலதான் வருது. உங்க பி760 கேக்குறவன் மாசத்துக்கு ஒருத்தன் வருவான். வந்தும் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்து, பெட்டியப் போட்டோ எடுத்துட்டு வெளிய போயி போன்ல ஆர்டர் போடுவான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கது எனக்குத் தெரியாதாக்கும்?

சியாட்டில் மழை:

அண்ணாச்சி, சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இப்ப அமெரிக்கால சியாட்டில். இங்கயும் இதே ஏக்கம்தான், நம்ப மாட்டீங்க. மைக்ரோ சென்டர்னு ஒரு கடை, ஒகையோ மாநிலத்துல 1979-ல ஆரம்பிச்சது. நீங்க சொல்லுத மாதிரியே போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் ரேக்குல அடுக்கியிருக்கும். நாடு முழுக்கவே சுமார் முப்பது கடைதான். பிராசஸர், போர்டு, ராம் மூணும் சேத்துக் குடுக்கிற நல்ல ஆஃபரெல்லாம் கடைக்கு நேர்ல போனாத்தான், அனுப்ப மாட்டான். மைக்ரோசாஃப்டும் அமேசானும் இருக்க இந்த ஊருப் பக்கம் ஒண்ணு கூட இல்ல. ஃப்ரைஸ்னு ஒரு பெரிய கடை இருந்துச்சு, 2021 பிப்ரவரில எல்லாக் கிளையையும் ஒரே நாள்ல பூட்டிட்டான். கலிஃபோர்னியா சாந்தா கிளாராக்காரங்க 2012-ல அவங்க ஊர் மைக்ரோ சென்டர் மூடுனப்புறம் காத்துக் கிடந்து, 2025-லதான் திரும்ப வந்துச்சு. அதான் இன்னும் நம்பிக்கைய விடல.

சிந்தாதிரிப்பேட்டை:

சார், போர்டு வாரண்டிக்கு அனுப்பியாச்சா? இன்னும் அனுப்பலன்னா சாக்கெட் மேல அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடிய மாட்டிட்டு அனுப்புங்க. 1700-ல பின்னு போர்டு பக்கம் இருக்கும், ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் உங்க தலையில கட்டிடுவாங்க. குடுக்கறதுக்கு முன்ன சாக்கெட்ட மொபைல்ல கிட்ட வச்சு போட்டோ எடுத்துக்கங்க. அப்புறம் இங்க ஞாயித்துக்கிழமை வந்துடாதீங்க, முக்கால்வாசி ஷட்டர் சாத்தி இருக்கும். பில்லு இல்லாம ஐந்நூறு கம்மின்னா வேணாம்னுடுங்க. பெட்டி இல்லாத டிரே பிராசஸர் அப்படித்தான் கை மாறும், அதுக்கு வாரண்டின்னா வாங்குன கடையிலதான் கேக்கணும், பில்லு இல்லன்னா எப்படிக் கேப்பீங்க?

பாளை எடிட்டர்:

மூடி பத்திரமா இருக்கு தம்பி, அலமாரில போட்டு வச்சிருக்கேன். நன்றி.

முத்துநகர் அண்ணாச்சி, உங்க கணக்கு புரியுது. ஸ்டாக் அடுக்கச் சொல்லல. ஒரு மேசை. அதுல 1700-க்கு ஒரு டிடிஆர்5 போர்டு, ஏஎம்டியோட ஏஎம்5 சாக்கெட்டுக்கு ஒண்ணு, 8 ஜிபி ராம் ஒண்ணு, நல்ல 750 வாட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு, அவ்வளவுதான். விக்கதுக்கு இல்ல, செக் பண்ண மட்டும். ஒரு தடவைக்கு 500 ரூபாய் வாங்குங்க. எது போச்சுன்னு தெரிஞ்சா, அதை உங்ககிட்டயே அட்வான்ஸ் குடுத்து வர வைக்கேன், போட்டோ எடுத்துட்டு ஓட மாட்டேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் என்னை மாதிரி எடிட்டிங் போடுதவன் எத்தனை பேரு! எங்க ஸ்டுடியோ குரூப்ல சொன்னா வரிசையா வருவான். ஐப்பசி வந்து இடி மின்னல் ஆரம்பிச்சா உங்களுக்கு ஓய்வே இருக்காது.

முத்துநகர்க்காரன்:

ஏஎம்5 போர்டு ஒண்ணு கஸ்டமர் வாங்காம விட்டது கிடக்கு. அதை மேசைக்கு எடுத்துருவேன். 1700 டிடிஆர்5-க்குப் பழசா ஒண்ணு தேடணும், ரிச்சில சொல்லி வைக்கேன். கிராபிக்ஸ் கார்டு செக் பண்ண ஐந்நூறு பத்தாது அண்ணாச்சி, அரை மணி நேரம் லோடுல ஓட்டிப் பாக்கணும், அதுக்கு எழுநூறு. மத்ததுக்கு ஐந்நூறு சரி. வேலை செய்யாத பழைய போர்டக் கொண்டு வந்து "உங்க மேசையிலதான் போச்சு"ன்னு சொல்லுதவங்களுக்காக, கொண்டாரும்போதே வீடியோ எடுத்துத்தான் வாங்குவேன், அதையும் குரூப்ல சொல்லிருங்க.

வாரவங்க மானிட்டர் சுமக்க வேண்டாம், இங்க இருக்கு. பெரிய கார்டு போட்டிருந்தா கழட்டித் தனியாப் பெட்டியில கொண்டாரச் சொல்லுங்க. உள்ள தொங்கிக்கிட்டே பஸ்ல குலுங்குனா ஸ்லாட்டு பேந்துரும்.