அம்பாசடர் முன்கண்ணாடி ஒழுகினா சிலிக்கான் போதுமா?

மார்க்ஃபோர்_மணி: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "அம்பாசடர்ல மழைத்தண்ணி ஒழுகுதா? கண்ணாடியைக் கழட்டவே வேணாம், கண்ணாடியைச் சுத்தியிருக்கிற ரப்பர் பீடிங் ஓரமா சிலிக்கான் இழுத்துவிடுங்க, பத்து வருஷத்துக்குக் கவலையில்ல." படிச்சதுல இருந்து எரியுது. பீடிங்குக்கு அடியில தகடு துருப்பிடிச்சு உப்பி, ரப்பரையே தூக்கிடும். கீழ் மூலை ரெண்டையும் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, பெயிண்ட் கொப்புளம் பொலபொலன்னு உதிரும். அது மேல சிலிக்கான் அடிச்சா தண்ணி உள்ளயே தேங்கும். போதாததுக்கு, ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதா சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் ஆசிட். துருவுக்கு நீங்களே தீனி போடுறீங்க.

மழைமன்னன்: எழுதினது நான்தான். பேர் சொல்லியே திட்டலாமே மணி சார், என்ன கூச்சம்? என் 84 மாடல் சிலிக்கான்லதான் ஓடுது. சென்னை மழையெல்லாம் பாத்தாச்சு, உள்ள ஒரு சொட்டு இல்ல. கழட்டுறேன்னு கிளம்பி கண்ணாடி உடைஞ்சா நீங்க வாங்கித் தருவீங்களா? அம்பாசடர் செஞ்ச உத்தர்பாரா ஃபேக்டரிய 2014லயே மூடியாச்சு.

மார்க்ஃபோர்_மணி: வினிகர் வாடை வந்துச்சா, இல்லையா?

டிங்கர்_மகன்: அப்பா பட்டறையில பாத்ததைச் சொல்றேன். கல்லாப் போன பீடிங்கைக் காப்பாத்த நினைச்சு ஸ்க்ரூ டிரைவரால நெம்புறவங்கதான் கண்ணாடியை உடைப்பாங்க. பிளேடால பீடிங்கை அறுத்துட்டா கண்ணாடி அலுங்காம வெளிய வந்துரும். துருவை வெறும் தகடு தெரியுற வரைக்கும் தேய்க்கணும். ஓட்டை இருந்தா வெட்டிட்டு புதுத் தகடு வெல்டிங், அப்புறம் பிரைமர், பெயிண்ட். பட்டி வச்சு மூடுனா அடுத்த மழைக்கே பல்லிளிக்கும். திரும்ப மாட்டும்போது புது பீடிங்கைக் கண்ணாடியில ஏத்தி, அதுல தகடு உக்கார்ற பள்ளத்துக்குள்ள கயிறு சுத்தி, சோப்புத் தண்ணி தடவுங்க. வெளிய ஒருத்தர் உள்ளங்கையால தட்டணும், உள்ள இருக்கறவர் கயித்தை மெதுவா இழுக்கணும். ரப்பர் உதடு தகட்டு மேல ஏறி உக்காந்துரும்.

மழைமன்னன்: வெல்டிங் சூட்டுல தகடு கோணிட்டா கண்ணாடி எங்க தம்பி உக்காரும்? அப்பாவுக்கு நல்லா ஆள் பிடிக்கிறீங்க.

டிங்கர்_மகன்: அப்பாவை இழுக்காதீங்க அண்ணே. புள்ளி புள்ளியா, ஆறவிட்டு ஆறவிட்டு அடிச்சா கோணாது. தெரியலன்னா கேளுங்க, சொல்லித் தர்றேன்.

மார்க்ஃபோர்_மணி: வாடைக்குப் பதில் வரல. போன தடவை சோலெக்ஸ் கார்புரேட்டர் பேச்சு வந்தப்பவும் மன்னன் இப்படித்தான் நழுவினார். எல்லாம் ஞாபகம் இருக்கு.

பத்மினி_பிரியை: ஒழுகுறது கண்ணாடியா வைப்பர் தண்டான்னு யாராவது பாத்தீங்களா? ஒருத்தரை டார்ச்சோட உள்ள உக்கார வச்சு, ஹோஸைக் கீழ இருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டுபோங்க. எடுத்த எடுப்புல மேல அடிச்சா எங்க இருந்து வருதுன்னு ஒண்ணும் புரியாது.

மழைமன்னன்: ஃபியட் பத்மினி கோஷ்டி வந்தாச்சு. உங்க வண்டியில குடும்பத்தோட ஏறி உக்காந்துட்டு வந்து பேசுங்க மேடம்.

பத்மினி_பிரியை: உங்க வண்டியில குடையோட இல்ல உக்காரணும்?

கோவை_குமார்: நியூட்ரல் சிலிக்கான்னு ஒண்ணு இருக்குங்க. அதுல அந்த ஆசிட் வராதுங்க.

மழைமன்னன்: கேட்டுக்கோங்க மணி சார்! நான் போட்டதும் அதுதான்.

மார்க்ஃபோர்_மணி: இவ்வளவு நேரம் வாயே திறக்கல, குமார் சொன்னதும் நியூட்ரல் ஆயிடுச்சா? டியூபைப் போட்டோ எடுத்துப் போடுங்க.

மழைமன்னன்: காலி டியூபை ஃபிரேம் போட்டா மாட்டி வைப்பாங்க? ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு வண்டியைக் கொண்டு வர்றேன். நேர்லயே மோந்து பாருங்க.

மார்க்ஃபோர்_மணி: காஞ்ச சிலிக்கான்ல ஏது வாடை? வர்றேன். ஆனா கீழ் மூலையில கட்டைவிரல் வச்சு அழுத்துவேன், சரியா?

மழைமன்னன்: என் வண்டி மேல கை வைக்கிற வேலையெல்லாம் வேணாம்.

மார்க்ஃபோர்_மணி: ஏன், உதிருமோ?