ராட்டர்டாமில் எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: சனிக்கிழமை பிளாக் (Blaak) ரயில் ஸ்டேஷன் பக்கம் இருப்போம். உள்ளூர் சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?

பதில் 1: ஸ்டேஷன் வாசலிலேயே பின்னென்ரோட்டே சந்தை. செவ்வாய், சனி கூடும், அதனால நல்ல நாள்ல போறீங்க. ஹாரிங் மீன் கேளுங்க; அடுப்பில் வைக்காமல் உப்பில் பதப்படுத்தினது, மேலே பொடியா நறுக்கின வெங்காயம். பக்கத்து மார்க்தால் என்ற சந்தைக் கட்டடத்தின் கூரை ஓவியத்தை அவசியம் பாருங்க, ஆனா அங்கே சாப்பாட்டு விலை கூடுதல்.

பதில் 2: என் ஓட்டு வெஸ்ட்-க்ரௌஸ்கடே தெருவின் சுரினாம் (தென் அமெரிக்க நாடு) ரொட்டிக்கு. பட்டாணிப்பருப்புப் பொடி வைத்த ரொட்டி, கோழிக்கறி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய், அவித்த முட்டை. மிளகாய்ச் சம்பலைத் தனியா வாங்குங்க, காரம் பயங்கரம்.

பதில் 3: கப்சலோன் என்ற சாப்பாடு இந்த ஊரிலேயே பிறந்தது. உருளை வறுவல், ஷவர்மா, உருக்கின கௌடா சீஸ், மேலே சாலட். உடனே சாப்பிடணும், ஆறினா ஆவியில் வறுவல் நமத்துப்போகும். ஒன்று இருவருக்குப் போதும்.