குழந்தைகளுக்கென்று தனி மெனு: உங்கள் பிள்ளைக்கு என்ன கிடைத்தது?

கோவை, ஆறு வயதுப் பையனின் அம்மா:

மாமியாரின் பிறந்தநாளுக்காகப் பல ஊர்களில் கிளைகள் உள்ள ஓர் உணவகத்துக்குப் போயிருந்தோம். எங்களுக்குப் பன்னிரண்டு பக்க மெனு. மகனுக்கு மட்டும் கலர் பென்சிலோடு தனி அட்டை. ஒரு பக்கம் வண்ணம் தீட்ட யானை, மறுபக்கம் சாப்பாடு. மொத்தம் ஒன்பது வகை. ஐந்து எண்ணெயில் பொரித்தவை. பாஸ்தா, பீட்சா இரண்டும் மைதா. மிச்சம் சீஸ் தோசையும் சாக்லேட் தோசையும். காய் எங்கே என்று தேடினால், பீட்சா படத்தில் மூன்று குடைமிளகாய்த் துண்டுகள்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் கலோரி போட்டிருந்தார்கள். பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவர்கள் அதைப் போட்டாக வேண்டும் என்பது 2022 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள விதி. அடியில் பொடி எழுத்தில், பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி தேவை என்ற வாசகம். யானை வரைகிற பிள்ளையின் அட்டையில் பெரியவர் கணக்கு எதற்கு? ஆறு வயதுக்குச் சுமார் 1,350 போதும். அவன் விரல் வைத்துக் காட்டிய நக்கெட்ஸும் உருளை வறுவலும் 520, சாக்லேட் ஷேக் 380. அட்டையின் கணக்குப்படி ஒரு நாளில் பாதிகூட இல்லை. அவன் கணக்குப்படி மூன்றில் இரண்டு பங்கு!

சர்க்கரை, உப்பு எவ்வளவு என்று அட்டையில் இல்லை. பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி, சிரப், அதற்கு மேல் சர்க்கரையும் போடுவார்கள் மேடம்" என்று ஒளிக்காமல் சொன்னார். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவனுக்கு அது நாளெல்லாம் சேர்த்து எட்டு தேக்கரண்டி. அந்த ஒரு டம்ளரிலேயே தீர்ந்திருக்கும்.

கடைசியில் பாட்டி வாங்கிய ஆப்பத்தில் ஒன்றைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துத் தின்றான். வறுவலையும் விடவில்லை, பொய் சொல்வானேன்.

மதுரை, பதினான்கு வருடமாக ஓட்டல் சமையலறையில்:

அந்த அட்டைக்குப் பின்னால் இருப்பது எங்கள் அவசரம்தான், சகோதரி. பசித்த குழந்தை அழுதால் சுற்றியுள்ள நான்கு மேசையும் திரும்பிப் பார்க்கும். நக்கெட்ஸ் ஃப்ரீசரிலிருந்து நேராக எண்ணெய்க்குப் போகும். சில நிமிடத்தில் தட்டில். விற்காவிட்டாலும் கெட்டுப்போகாது. ஒரு முறை குட்டி இட்லியோடு காய்க்கூட்டு வைத்துப் பார்த்தோம். அதைக் கேட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள்! ஒரே மாதத்தில் முதலாளி எடுத்துவிட்டார்.

அட்டையை ஓரமாக வைத்துவிட்டுப் பெரியவர் மெனுவிலிருந்து "அரை அளவு, காரம் வேண்டாம்" என்று கேளுங்கள். கூட்டம் குறைவான நேரமென்றால் மறுக்க மாட்டார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னால்தான் கை விரிப்போம். மாவிலும் சாஸிலும் காலையிலேயே கலந்தாகிவிட்டது.

சான் ஹோசே, இரண்டு பெண்களின் அப்பா:

கலிபோர்னியாவில் 2019 முதல் குழந்தைகள் மெனுவில் சாப்பாட்டோடு சேர்ந்து வரும் பானம் தண்ணீராகவோ இனிப்பும் சுவையும் சேர்க்காத பாலாகவோ இருக்க வேண்டும். சோடா வேண்டுமென்றால் நாமே வாய் திறந்து கேட்க வேண்டும். வந்த பாலைப் பெண்கள் குடித்துவிடுகிறார்கள், நானும் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் போகிற இடங்களில் தட்டில் மாற்றமில்லை. அதே பொரித்த கோழி, அதே மக்ரோனி.

கோவை, ஆறு வயதுப் பையனின் அம்மா:

மதுரை அண்ணன் சொன்னபடி நேற்று வேறோர் இடத்தில் காய்கறிக் கிச்சடி அரை அளவு கேட்டேன். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். பில்லில் முழு விலை. ஏன் என்று கேட்டதும் மீதி அரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ராத்திரி மாமியார் சாப்பிட்டார்.