ரேடியோகிராபி பிலிம் சாம்பலா வருது, டெவலப்பரைக் குளிர வைக்க வழி சொல்லுங்க

ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் ஆர்.டி. (வெல்டைக் கதிர் விட்டுப் படம் எடுத்துச் சோதிக்கிற ரேடியோகிராபி) வேலை பார்க்கிறவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

25 மி.மீ. கார்பன் ஸ்டீல் பட் வெல்டு. சோர்ஸ் (கதிர் மூலம்) இரிடியம்-192, அதோட அளவு 3 மி.மீ., சோர்ஸ்ல இருந்து பிலிம் 600 மி.மீ. கணக்குப்படி விளிம்பு மங்கல் 0.13 மி.மீ. தான் வருது, அதனால ஜியாமெட்ரி மேல பழி போட முடியாது. டென்சிட்டியும் (பிலிமோட கருமை) 2.6 இருக்கு. ஆனா பெனிட்ரமீட்டர்ல (படத் தரம் பார்க்க வைக்கிற கம்பி வரிசை) தெரிய வேண்டிய கம்பி தெரியல; பிலிம் முழுக்க சாம்பல் படலம்.

பின்சிதறலான்னு (பின்னாடி இருந்து கதிர் சிதறி வருதான்னு) பார்க்க கேசட் முதுகுல ஈய 'பி' எழுத்து வெச்சாச்சு, வெளிர் எழுத்து எதுவும் விழல. எக்ஸ்போஸ் பண்ணாத பிலிமைக் கழுவினாலும் அதே படலம்! இருட்டறை சேஃப்லைட் அடியில காசு வெச்ச சோதனையும் சரி. மிச்சம் பிலிம் கழுவுற டெவலப்பர் கரைசல்தான்: 20 டிகிரி, 5 நிமிஷம் வேணும்; மே மாச வெயில்ல தொட்டி 32ல நிக்குது. நேரத்தைக் குறைச்சா திட்டுத் திட்டா வருது. ஐஸை நேரா போட்டா நீர்த்துடும்.

25 லிட்டர் தொட்டிக்கு வெளித்தொட்டித் தண்ணியில ஐஸ் பை போட்டா நாள் முழுக்கத் தாங்குமா, இல்ல சில்லர்தான் வழியா? எத்தனை டன் சில்லர் போட்டிருக்கீங்க?