"ஃபுல் லஸ்டர், யூஎன்சி" என்று வாங்கிய 1918 ஒரு ரூபாய்: மின்னுகிறது, ஆனால் ஏதோ சரியில்லை

செப்புக்காசு:

வணக்கம். காசு சேர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை சுதந்திர இந்தியக் காசுகள்தான் சேர்த்தேன். முதல் முறையாக ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று, 1918-ஆம் வருடத்தது, ஆன்லைனில் 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். விளக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "யூஎன்சி, ஃபுல் லஸ்டர், சூப்பர் ஐ அப்பீல், பழைய கலெக்‌ஷனில் இருந்து வந்தது."

நேற்று கைக்கு வந்தது. போட்டோவில் பார்த்த அதே காசுதான், நன்றாக மின்னுகிறது. ஆனால் தாத்தா விட்டுப்போன 1917 ரூபாயை, சாம்பல் நிறத்தில் தேய்ந்துபோனதுதான், பக்கத்தில் வைத்தால் கண் அதற்குத்தான் போகிறது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. விற்பவர்கள் எழுதும் இந்த வார்த்தைகளை எதை வைத்துச் சரிபார்ப்பது?

வெள்ளிரூபாய்:

தம்பி, உங்கள் கண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பின் கீழே உட்காருங்கள். காசை விளிம்பில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சு இறங்கும்போது வெள்ளி விளிம்பை நோக்கி நகரும். அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள் காசின் மேல் தங்கிவிடும். அவற்றில் வெளிச்சம் பட்டால், நீங்கள் சுற்றச் சுற்ற வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி ஒளி நகரும். பட்டுப்புடவை மடிப்பைத் திருப்பினால் நிறம் ஓடுமே, அந்த மாதிரி. லஸ்டர் என்றால் அதுதான். தேய்த்துத் துலக்கிய காசில் ஒளி ஓடாது, எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மினுக்கல்தான்.

அடுத்தது யூஎன்சி. புழக்கத்துக்கே போகாத காசு என்று பொருள். இதைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்துச் சொல்லிவிடலாம். ஜார்ஜ் ரூபாயில் முதலில் தேய்வது மேடான இடங்கள்: கிரீடத்தின் மணிகள், புருவம், கன்னம், மார்பில் தொங்கும் பதக்க மாலையில் இருக்கும் யானை. (1911-இல் இந்த யானைதான் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடம் திருத்தி அடித்தார்கள். அந்த 1911 காசைப் பன்றி ரூபாய் என்றுதான் இன்றும் கேட்டு வாங்குகிறோம்.) யானையின் காதும் காலும் தனித்தனியாகத் தெரியாமல் மொழுக்கென்று இருந்தால் அந்தக் காசு பல கை மாறியது. அதற்கு யூஎன்சி என்று எழுதுவது பொய்.

ஐ அப்பீல் என்பது அப்படி அளக்க முடியாதது, அதுதான் சிக்கல். 1 முதல் 70 வரை போகும் தரப் புள்ளிகளில், தேய்மானமே இல்லாத காசுக்கு 60-ம் அதற்கு மேலும் கொடுப்பார்கள். அதிலும் 62-ஆ 64-ஆ என்று முடிவு செய்யும்போது கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அதனால் அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஆனால் விற்பவர்கள் அதைப் பளபளப்பு என்ற பொருளில் எழுதுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். நூறு வருடம் பெட்டியில் கிடந்த வெள்ளி சாம்பலாகும், விளிம்பில் லேசாக நீலமோ தேன் நிறமோ ஏறும். அந்தத் தோல் கலையாமல் இருக்கிற காசுதான் என் கண்ணுக்கு அழகு.

இதை நான் கற்ற விதம் கொஞ்சம் கசப்பானது. எங்கள் வீட்டில் ஏழாம் எட்வர்டு ரூபாய் பதினாறு இருந்தது. ஒரு பொங்கலுக்கு முன்னால், குத்துவிளக்கோடு சேர்த்து அப்பா அவற்றையும் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டார். ஆசையாகத்தான் செய்தார், குறை சொல்ல மாட்டேன். இன்றும் லென்ஸில் பார்த்தால் 'எம்பரர்' என்ற எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி உட்கார்ந்திருக்கிறது. எட்வர்டின் கழுத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள். அந்தக் கோடுகளை இனி யாராலும் அழிக்க முடியாது. பதினாறையும் வைத்திருக்கிறேன், யாருக்கும் விற்கமாட்டேன்.

உங்கள் காசிலும் ராஜாவின் முகத்துக்கு முன்னால் அதே இடத்தைப் பாருங்கள். கோடுகள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வாரச்சந்தை:

நான் சின்ன அளவில் விற்பவன். அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. எங்கள் பக்கத்தையும் சொல்லவேண்டும். "இயற்கையான டோனிங்", அதாவது காலப்போக்கில் தானாக ஏறிய நிறம், என்று எழுதிப் போட்டால், "ஏன் கருத்துப்போய் இருக்கிறது, கழுவித் தரமுடியுமா" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பளிச்சென்று இருப்பது அன்றைக்கே போய்விடுகிறது. அதற்காகத் துலக்கிய காசை மறைத்து விற்பது நியாயம் ஆகாது. நான் "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதி, விலையைக் குறைத்துத்தான் போடுகிறேன்.

இன்னொன்று, விளம்பரத்தில் எழுதாமல் விட்டதைக் கவனியுங்கள். பளபளப்பைப் பற்றி மூன்று வார்த்தை இருந்து, சுத்தம் செய்யாதது என்று ஒரு வார்த்தை இல்லையென்றால் கேட்டுவிடுங்கள். காசைச் சாய்த்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். உண்மையான லஸ்டர் இருந்தால் எவரும் சந்தோஷமாக எடுத்து அனுப்புவார்கள். அப்புறம் விளிம்பைப் பாருங்கள், முக்கியமாகத் தலைக்கு நேர் மேலே. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்து, பிறகு அராவி எடுத்த ரூபாய்கள் நம் பக்கம் ஏராளம். அதை "சிறிய விளிம்புத் தழும்பு" என்று எழுதிவிடுகிறார்கள்.

செப்புக்காசு:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி மொட்டைமாடி ரூமில் ஒற்றை பல்பு போட்டுப் பார்த்தேன். ஆரக்கால் எதுவும் ஓடவில்லை. மூக்குக்கு முன்னால் சாய்வாகக் கோடுகள், கிட்டத்தட்ட இணையாக, எண்ண முடியாத அளவு. யானைக்குக் காது இல்லை. விளிம்பில் வளையத் தடம் இல்லை, அது மட்டும் சுத்தம்.

அதே பல்பில் தாத்தாவின் 1917-ஐயும் பார்த்தேன். தேய்ந்த காசுதான், ஆனால் எழுத்துகளின் ஓரத்தில், விரல் படாத இடுக்குகளில், ஒளி கொஞ்சம் ஓடுகிறது அண்ணா!

விற்றவருக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று காலையில் பதில் வந்தது. நாளை தபாலில் அனுப்புகிறேன்.

வெள்ளிரூபாய்:

நல்லது தம்பி. 1917-ஐத் துடைத்துவிடாதீர்கள், துணியால்கூட வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் முதலில் அதிலிருந்து எடுங்கள், சில உறைகளில் இருக்கும் பிவிசி என்ற பிளாஸ்டிக் கசிந்து பச்சையாகப் பிடிக்கும். பிறகு அதன் படத்தை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.