'இயேசுவின் வாழ்க்கை' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்குமா?

நண்பர்களே, ஓர் உதவி. பிரெஞ்சு இயக்குநர் புரூனோ துமோன் 1997-இல் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. பெயரைப் பார்த்து பக்திப் படம் என்று நினைக்க வேண்டாம். வட பிரான்சின் பையூல் என்ற சிற்றூரில், வேலையின்றி மொபெட்டில் சுற்றும் பையன்களின் கதை. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல.

வலிப்பு நோயுள்ள பிரெடி, கூண்டில் ஒரு சிறு பாட்டுக்குருவியை அவ்வளவு பொறுமையாக வளர்க்கிறான். அதே பையன்தான் காதர் என்ற அரபு இளைஞன்மேல் கொலைவெறியோடு பாய்கிறான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அடுத்த மாதம் நண்பர்களுக்குத் திரையிட ஆசை. தமிழ் சப்டைட்டில் யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் என்னோடு உட்கார முடியுமா? வசனம் குறைவுதான். அப்புறம், இப்படம் பற்றித் தமிழில் கட்டுரை ஏதும் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.